கிண்டி தேசியப் பூங்கா

சென்னை மாநகருக்குள், ஆளுநர் மாளிகையை அடுத்து 270.57 ஹெக்டேர் பரப்பில் அமைந்த காடு. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. குறைந்த மழையிலும் ஆண்டு முழுவதும் இலை உதிராது நிற்கும் குட்டை மரங்களாலான, சோழமண்டலக் கடற்கரைக்குரிய உலர் பசுமைமாறாக் காடு முட்புதர்களோடு இங்கு எஞ்சியுள்ளது.

ஆங்கிலேயர் காலத்தில் வேட்டைக்காடாக இருந்த இந்நிலத்தை 1821இல் அரசு விலைக்கு வாங்கியது. 1910இல் சுமார் 505 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்குமாகக் கணிசமான பகுதி பிரித்தளிக்கப்பட, எஞ்சியது 1978இல் தேசியப் பூங்காவாயிற்று.

இங்குள்ள வெளிமான்கள் தொன்றுதொட்டு வாழ்பவையா, கொண்டுவந்து விடப்பட்டவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆளுநர் வில்லிங்டன் காலத்தில் (1919–1924) விடப்பட்டன என்பர் ஒரு சாரார். புள்ளிமான்கள் 1940களில் வந்தவை எனக் கருதப்படுகிறது. வெளிமான், பெயருக்கேற்பத் திறந்த வெளியில் வாழும் விலங்கு. பகையைக் கண்ணால் கண்டு ஓடித் தப்புவது. முதிர்ந்த கிடா மேலே கருமையும் வயிற்றில் வெண்மையுமாக, முறுக்கிய கொம்புகளைப் பின்சாய்த்து நடக்கும். கண்ணருகிலுள்ள சுரப்பியைப் புல்நுனியிலும் சுள்ளியிலும் தேய்த்தும், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கையிட்டும் தன் எல்லையை உணர்த்தும். இவ்வாறு எல்லை வகுத்து வாழ அதற்குக் குட்டைப் புல்தரை வேண்டும்.

பூங்காவைப் பேணுவதில் உள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேய்ச்சலும் விறகு வெட்டும் தடுக்கப்பட்டபின் புதர்கள் அடர்ந்தன. காட்டுக்கு அது நலமாயினும் வெளிமானின் இடம் சுருங்கியது. புதரிலும் பிழைக்கும் புள்ளிமான் இதனால் மேலோங்கியிருக்கலாம் எனக் கூறப்படுகிறது. ஆகவே போலோ திடல் என்னும் புல்வெளியைப் புதர் மூடாமல் காப்பது இன்றியமையாதது. சுற்றிலும் நகரமாதலால் மான்கள் வேறு கூட்டங்களோடு கலக்க வழியில்லை. நெடுங்காலத்தில் அது இனநலத்தைக் குன்றச் செய்யக்கூடும்.

2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. முகப்பிலுள்ள சிறுவர் பூங்கா மக்களுக்குத் திறந்திருக்கிறது; வனத்துறையின் அனுமதியின்றி உட்காட்டுக்குள் செல்ல இயலாது.