காதைத் தொட்ட கை

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் காரியாபட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. மழையை நம்பிப் பிழைக்கும் பூமி. அந்த ஊரில்தான் என் ஆயுளின் முதல் பரீட்சையில் தேறினேன். சிலேட்டும் குச்சியும் தேவைப்படாத பரீட்சை அது.

1955ஆம் வருஷம் ஜூன் மாதம். தகப்பனார் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். உபாத்தியாயர் என் வயதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "கண்மாய் உடைந்ததே, அதற்கு மறு வருஷம் பிறந்தவன்" என்பதற்குமேல் தகப்பனாருக்குச் சொல்லத் தெரிந்திராது. "டேய், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்றார் உபாத்தியாயர். தொட்டேன். "ஐந்து முடிந்துவிட்டது" என்று பதிந்துகொண்டு, பிறந்த தேதியையும் அவரே நிச்சயித்து எழுதினார். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதத்திலேயே பிறந்தவர்களாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

அன்று எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் வந்திருந்தாள். என்னைவிட ஒரு மாதம் மூத்தவள் என்று இரண்டு தாய்மார்களும் சத்தியம் செய்வார்கள். ஆனால் அவள் விரல் காதுக்கு எட்டவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாள். "சாய்க்கக் கூடாது" என்றார் உபாத்தியாயர். பிறகு அவள் தாயாரிடம், "அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு வாம்மா" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவர் கையில் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

இதையெல்லாம் மறந்தே போயிருந்தேன். சென்ற ஆண்டு ஒன்பது வயதுப் பேத்தியை டாக்டரிடம் அழைத்துப் போனபோது நினைவு வந்தது. ஓடியாடிய நாட்களில் இரவானால் முழங்கால் வலிக்கிறது என்று அழுவாள். டாக்டரம்மா அவளுடைய சுண்டு விரல்களைப் பின்னுக்கு வளைத்தார். கட்டை விரல்களை மடக்கி முன்கையைத் தொடவைத்தார். முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டுக்கு அப்பால் பின்னுக்குப் போகின்றனவா என்று பார்த்தார். கடைசியில், முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிக்கச் சொன்னார். இடது, வலது என்று எட்டு. தரையைத் தொட்டதற்கு ஒன்று. ஆக மொத்தம் ஒன்பது மதிப்பெண். என் பேத்தி ஏழு வாங்கினாள்.

பரீட்சையில் ஏழு வாங்கினால் சந்தோஷப்படலாம். இங்கே பயப்பட வேண்டுமோ என்று எனக்குக் கலக்கம். "ஐயா, இது வியாதி இல்லை. குழந்தைகளுக்கு மூட்டு நெகிழ்வாகத்தான் இருக்கும். நம் ஊர்க் குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்" என்றார் டாக்டரம்மா. "நம் ஊர்க் குழந்தைக்கு இவ்வளவு என்று யார் அளந்து சொன்னார்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நல்ல கேள்வி" என்றார். அந்தக் கேள்வியின் சரித்திரத்தைப் பிறகு நானே தேடிப் படித்தேன்.

1964ஆம் ஆண்டில் லண்டனில் கார்ட்டர், வில்கின்சன் என்ற இரண்டு வைத்தியர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிறவியிலேயே இடுப்பு மூட்டு நழுவிய குழந்தைகளுக்கு மற்ற மூட்டுகளும் தளர்ந்திருக்கின்றனவா? தளர்ந்திருக்கின்றன என்று சொல்ல வேண்டுமானால், இடுப்பு நழுவாத குழந்தைகளின் மூட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா? ஆகவே நோயில்லாத பள்ளிக்கூடப் பிள்ளைகள் 285 பேரை ஐந்து விதமாக வளைத்துப் பார்த்தார்கள். மூன்றுக்கு மேல் வளைந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். 1973ஆம் ஆண்டில் பீட்டர் பெய்ட்டன் என்பவரும் இரண்டு சகாக்களும் தென்னாப்பிரிக்காவில் ட்ஸ்வானா மக்களிடையே சென்று, அந்த முறையைச் சற்று மாற்றி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அளந்தார்கள். என் பேத்திக்கு நடந்த ஒன்பது மதிப்பெண் பரீட்சை அவர்களுடையதுதான். வயது ஏற ஏற நெகிழ்வு குறைகிறது என்பதும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அதிகம் என்பதும் அங்கே தெளிவாகத் தெரிந்தன.

நம் தேசத்துக் குழந்தைகள்? பம்பாயில் மூன்று வயது முதல் பத்தொன்பது வயது வரையிலான ஆரோக்கியமான பிள்ளைகள் 829 பேரைப் பரிசோதித்து 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 'அதிகமாக வளைபவர்கள்' என்ற கணக்கில் வந்தார்கள். பாதிப்பேருக்கு மேல் அசாதாரணம் என்றால், அசாதாரணம் குழந்தைகளிடம் இருக்கிறதா, கோட்டைக் கிழித்த இடத்தில் இருக்கிறதா? 2017ஆம் ஆண்டில் சர்வதேச வைத்தியர் குழு ஒன்று, பருவமடையாத பிள்ளைகளுக்கு ஆறு, பெரியவர்களுக்கு ஐந்து, ஐம்பது தாண்டியவர்களுக்கு நான்கு என்று வயதுக்கு வயது வேறு கோடு போட்டது.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில், இரண்டு வயதிலிருந்து அறுபத்தொன்பது வயது வரை நோயில்லாத 674 பேரின் மூட்டுகளைக் கோணமானி வைத்து அளந்து அட்டவணை போட்டார்கள். இரண்டிலிருந்து எட்டு வயதுப் பெண் குழந்தைகளின் முழங்கால் சராசரியாக 152 டிகிரிக்கு மேல் மடங்கிற்று. நாற்பத்தைந்து கடந்த ஆண்களுக்கு 133 டிகிரி அளவில் நின்றுவிட்டது. சுமார் இருபது டிகிரி வித்தியாசம்!

அந்த அட்டவணையைப் போட்டது ஹீமோபிலியா என்ற ரத்தம் உறையாத நோய்க்காரர்களுக்காக. அந்த நோயுள்ள பையனுக்கு மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும். மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். நூற்றைம்பது டிகிரி மடங்க வேண்டிய கால் நூற்று முப்பத்தைந்தில் நின்றால், அவன் பதினைந்து டிகிரியை இழந்துவிட்டான். ஆனால் பெரியவர்களின் அளவை வைத்துப் பார்க்கிறவர், "சரியாகத்தான் இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார். நாற்காலியில் உட்காரும் தேசத்தில் அந்தப் பதினைந்து டிகிரி தெரியாமல் போகலாம். குந்தி உட்காரவும் தரையில் மண்டியிடவும் வேண்டிய நம் பிள்ளைக்கு அது ஒவ்வொரு நாளும் தெரியும்.

ஆக, நோயை அறிவதற்கு முன்னால் ஆரோக்கியத்தை அளந்தாக வேண்டும். அதுவும் அந்த வயதில், அந்த ஊரில், அந்தக் குழந்தையைப் போன்றவர்களிடம் அளந்தாக வேண்டும்.

காரியாபட்டிக்குத் திரும்புகிறேன். காதைத் தொடும் பரீட்சை முட்டாள்தனமானது அல்ல. மானிட இயலார் அதற்குப் 'பிலிப்பைன் அளவை' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தலை சீக்கிரம் வளர்ந்துவிடும். கை பின்னால்தான் நீளும். ஏறக்குறைய ஆறு வயதில் கை தலையைச் சுற்றிக் காதை எட்டும். ஆனால் அரைவயிற்றுக் கஞ்சியில் வளரும் பிள்ளைக்கு உடல் தலையைக் காப்பாற்றிக்கொள்ளும். கைகால் நீள்வதுதான் தாமதப்படும். அந்தப் பெண்ணின் வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரியும். அவளுடைய பசியை அளந்துவிட்டு, அதற்கு வயது என்று பெயர் சொல்லிவிட்டோம்.

விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு வந்தது. அந்தச் சோறு அவள் கையை நீட்டியிருக்கும். அதற்குள் அவள் குடும்பம் சாத்தூருக்குப் பிழைக்கப் போய்விட்டது. அங்கே தீப்பெட்டி ஆபீசுக்காகச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கும் வேலை. பிஞ்சு விரல்தான் அதற்குத் தோது என்பார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. ஆனாலும் அங்கே யாரும் அவளைக் காதைத் தொடச் சொல்லவில்லை. சிவகாசிப் பிள்ளைகளுக்காக நடந்த வழக்கில், வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளை ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996ஆம் ஆண்டில். அப்போது அவளுக்குப் பேரன் பிறந்திருந்தான்.

சில வருஷங்களுக்கு முன் சாத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பேச்சு வந்தது. "தம்பி, அன்னைக்குக் கை நீளம் பத்தலை. இன்னைக்கு நீளம் இருக்கு, தோள்தான் தூக்க மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தாள். கையைத் தூக்கியும் காட்டினாள். நெற்றி மட்டத்தில் நின்றுவிட்டது.

அருகில் அவளுடைய கொள்ளுப்பேத்தி நின்றுகொண்டிருந்தாள். நாலு வயதுகூட ஆகவில்லை. கை காதுக்கு எட்டாது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. வருகிற ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னார்கள்.