கல்யாண வீடியோ 4கே-வில் இருக்கு... டிவியில் ஏன் சுத்திக்கிட்டே நிக்குது? வீட்டு மீடியா சர்வருக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?

திண்டுக்கல்லை ஒட்டியிருக்கும் அகரம் பேரூராட்சியில் ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மகளின் கல்யாண வீடியோ, தாடிக்கொம்பு பெருமாள் கோயிலில் எடுத்த காட்சிகள், முத்தாலம்மன் கோயில் திருவிழாவில் செல்போனில் பிடித்தவை, இப்போது உயிரோடு இல்லாத பாட்டி மணமக்களை ஆசீர்வதிக்கும் அரை நிமிடம்... எல்லாமே ஒரே ஹார்டு டிஸ்க்கில், பீரோவுக்குள்.

மகன் இருப்பது திருப்பூரில், மகள் இருப்பது துபாயில். "அந்த வீடியோவை அனுப்புங்கப்பா" என்று கேட்டால் அனுப்ப வழியில்லை. காரணம், கோப்பின் அளவு. நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவான 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி பிடிக்கும். 3 மணி நேரக் கல்யாண வீடியோ என்றால் 67.5 ஜிபி.

இதற்குத் தீர்வாகப் பலரும் இப்போது கேட்பது 'வீட்டு மீடியா சர்வர்'. ஆனால் கடைக்குப் போனால் "4கே-ன்னா பெரிய கிராபிக்ஸ் கார்டு வேணும் சார்" என்று பில்லை ஏற்றிவிடுவார்கள். உண்மையில் அவ்வளவு தேவையா? பார்க்கலாம்.

மீடியா சர்வர் என்றால் என்ன?

வீட்டில் எந்நேரமும் ஓடும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில் உங்கள் வீடியோக்கள் இருக்கும். டிவி, செல்போன், டேப்லெட் எதிலிருந்தும் ஆப் மூலம் திறந்து பார்க்கலாம். சொந்த ஓடிடி மாதிரி.

இதற்கான மென்பொருள்களில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி மூன்றும் பிரபலம். 2018 டிசம்பரில் எம்பியிலிருந்து பிரிந்து உருவான ஜெல்லிஃபின் முழுக்க இலவசம். பிளெக்ஸில் கிராபிக்ஸ் சிப் உதவியோடு வீடியோவை மாற்றும் வசதிக்கு 'பிளெக்ஸ் பாஸ்' என்ற கட்டணச் சந்தா வேண்டும். எம்பியிலும் இந்த வசதிக்குக் காசு கட்ட வேண்டும்.

டிரான்ஸ்கோடிங் என்றால் என்ன?

வீடியோவை அப்படியே அனுப்பாமல், பார்ப்பவரின் கருவிக்கும் இணைய வேகத்துக்கும் ஏற்றபடி அந்த நேரத்திலேயே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புவதுதான் டிரான்ஸ்கோடிங். மாற்றாமல் அப்படியே ஓடினால் அதற்குப் பெயர் டைரக்ட் ப்ளே. டைரக்ட் ப்ளேயில் சர்வருக்கு வேலையே கிடையாது. கோப்பை எடுத்துக் கொடுத்தால் போதும்.

டிரான்ஸ்கோடிங் தேவைப்படும் சமயங்கள் மூன்று:

1. பார்க்கும் கருவிக்கு அந்த வீடியோ வடிவம் புரியாதபோது. 2003-ல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். 2013-ல் வந்த எச்.265 எனும் ஹெச்இவிசி பழைய டிவிகளில் ஓடாது. 2018-ல் வந்த ஏவி1 இன்னும் குறைவான கருவிகளில்தான் ஓடும்.

2. இணைய வேகம் போதாதபோது. அகரம் வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால், 50 எம்பிபிஎஸ் வீடியோ துபாய்க்குப் போகவே போகாது. அதை 8 எம்பிபிஎஸ் அளவுள்ள 1080பி-யாகச் சுருக்கினால் ஒரே நேரத்தில் 2 பேர் பார்க்கலாம்.

3. ஹெச்டிஆர் வீடியோவைச் சாதாரண டிவியில் போடும்போது. நிறத்தை மாற்றிக் கொடுக்காவிட்டால் படம் வெளிறிப்போய்த் தெரியும். இந்த நிற மாற்றத்துக்கு டோன் மேப்பிங் என்று பெயர்.

இது ஏன் அவ்வளவு கஷ்டமான வேலை?

ஒரு 1080பி பிரேமில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே பிரேமில் அதைப்போல 4 மடங்கு, சுமார் 82.9 லட்சம். நொடிக்கு 25 பிரேம் என்றால் நொடிக்கு 20 கோடிப் புள்ளிகளுக்கு மேல் பிரித்து, சுருக்கி, மறுபடி கட்ட வேண்டும்.

இதைப் பிராசஸரின் பொது கோர்களிடம் கொடுத்தால் அத்தனையும் முழு மூச்சில் ஓடும், ஃபேன் அலறும். அப்படியும் ஈடுகொடுக்க முடியாதபோதுதான் டிவியில் வட்டம் சுத்திக்கிட்டே நிற்கும்.

அதனால்தான் சிப்புக்குள் இதற்கென்றே தனிப் பகுதியை வைத்திருக்கிறார்கள். இன்டெல் 2011-ல் கொண்டுவந்த இந்தத் தொழில்நுட்பத்தின் பெயர் குயிக் சிங்க். என்விடியாவில் என்வென்க். 4கே வேலையை முடிப்பது இந்தச் சின்னப் பகுதிதான். பிராசஸரில் எத்தனை கோர், கிராபிக்ஸ் கார்டில் கேம் எப்படி ஓடும் என்பதெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம்.

எந்த சிப் வாங்கலாம்?

*இன்டெல் என்100:* 2023 தொடக்கத்தில் வந்தது. 4 கோர், 6 வாட். ஹெச்இவிசி 10-பிட் வீடியோவைப் பிரிக்கவும் சுருக்கவும் தெரியும், ஏவி1-ஐப் பிரிக்கவும் தெரியும். 4கே-வை 1080பி-யாக்கி ஒரே நேரத்தில் 2, 3 பேருக்கு அனுப்பத் தாராளமாகப் போதும். உள்ளங்கை அகல மினி பிசிகளில் இது கிடைக்கிறது. ஒரு குடும்பத்துக்கு இதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது.

*பழைய அலுவலக மினி பிசி:* டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி போன்றவை செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. இன்டெல் 7-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ என்று பார்த்து வாங்க வேண்டும். ஹெச்இவிசி 10-பிட் முழுமையாக வந்தது அந்தத் தலைமுறையில்தான். 6-ஆம் தலைமுறை விலை கம்மி என்று வாங்கினால் ஹெச்டிஆர் வீடியோவில் சிக்கல் வரும். 10-ஆம் தலைமுறை வரை உள்ளவற்றுக்கு ஏவி1 தெரியாது என்பதையும் கவனிக்கவும்.

*ஏவி1-லேயே சுருக்க வேண்டும் என்றால்:* 2022-ல் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகள், என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை போன்ற, ஏவி1-ல் சுருக்கத் தெரிந்த சிப் வேண்டும். பார்க்கும் கருவிக்கும் ஏவி1 தெரிந்திருந்தால்தான் அதனால் பலன்.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

* இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் பகுதி கிடையாது, குயிக் சிங்க்கும் கிடையாது. கொஞ்சம் பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் முக்கியமானதையே விட்டுவிடக் கூடாது.

* ராஸ்பெர்ரி பை 5 விலை குறைவு, கரண்டும் குறைவு. ஆனால் அதில் வீடியோவைச் சுருக்கும் தனிப் பகுதி இல்லை. டைரக்ட் ப்ளேக்கு ஓகே, 4கே டிரான்ஸ்கோடிங்குக்கு ஆகாது.

* நாஸ் பெட்டி வாங்குபவர்கள் உள்ளே என்ன சிப் என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சினாலஜியின் டிஎஸ்920+ பெட்டியில் குயிக் சிங்க் உள்ள இன்டெல் செலரான் ஜே4125 இருந்தது. அடுத்து வந்த டிஎஸ்923+ பெட்டியில் கிராபிக்ஸ் இல்லாத ஏஎம்டி ரைசன் ஆர்1600. புது மாடல் என்பதால் எல்லாமே கூடியிருக்கும் என்று நினைக்க முடியாது.

* ஸ்டுடியோவிடம் வீடியோ வாங்கும்போது '4:2:0' வடிவில் கேளுங்கள். கேமராவில் நேரடியாகப் பதிவாகும் '4:2:2' 10-பிட் கோப்புகளைப் பல சிப்களின் தனிப் பகுதி கையாளாது. அப்போது முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும்.

வாங்காமலே சமாளிக்க முடியுமா?

முடியும். வீட்டில் இருப்பது நாலைந்து விசேஷ வீடியோக்கள்தான் என்றால் நேரலையாக மாற்றும் சர்வரே தேவையில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு 1080பி எச்.264 பிரதி எடுத்து வைக்கலாம். பழைய லேப்டாப்பே போதும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினால் அது பாட்டுக்கு வேலையை முடிக்கும். ஒரு வீடியோவுக்கு ஒரு ராத்திரி போதாவிட்டாலும் நஷ்டமில்லை.

ஒரே வீடியோவின் 4கே, 1080பி பிரதிகளை ஒன்றாகக் காட்டும் வசதி ஜெல்லிஃபினில் இருக்கிறது. வீட்டில் பார்ப்பவர்கள் 4கே-வையும், வெளியூரில் இருப்பவர்கள் 1080பி-யையும் தேர்வு செய்துகொள்ளலாம்.

வீடியோக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலோ, மாதா மாதம் கூடிக்கொண்டே போனாலோ மட்டும் டிரான்ஸ்கோடிங் சர்வர் வாங்குவது லாபம்.

கரண்ட் பில் எவ்வளவு வரும்?

24 மணி நேரமும் ஓடும் பெட்டி என்பதால் இது முக்கியமான கேள்வி. சராசரியாக 10 வாட் எடுக்கும் மினி பிசி 60 நாளில் 14.4 யூனிட் செலவழிக்கும். 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் அதே 60 நாளில் 86.4 யூனிட் சாப்பிடும்.

தமிழகத்தில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய டெஸ்க்டாப்பைச் சும்மா ஓடவிட்டால் அதில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். 'வீட்ல சும்மா கிடக்குற கம்ப்யூட்டர்தானே' என்று ஆரம்பிப்பவர்களின் கையைக் கடிப்பது இந்தக் கணக்குதான்.

டிஸ்க், நெட்வொர்க் எப்படி இருக்க வேண்டும்?

மென்பொருளுக்குச் சின்ன எஸ்எஸ்டி, வீடியோவுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க். 4 டிபி டிஸ்க்கில் 50 எம்பிபிஎஸ் வீடியோ சுமார் 175 மணி நேரம் அடங்கும். ரேம் 8 ஜிபி போதும்.

சர்வரை ரௌட்டருடன் கேபிளில் இணைப்பது நல்லது. டிவி விஷயம் வேறு. பல ஸ்மார்ட் டிவிகளின் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அதைவிட அதிக பிட்ரேட் உள்ள வீடியோ திக்கினால், டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டுப் பாருங்கள். சில வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

கரண்ட் போய்ப் போய் வரும் ஏரியா என்றால் சின்ன யுபிஎஸ் அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிஸ்க்கில் உள்ள கோப்புகள் கெட வாய்ப்புண்டு. கோடையில் பெட்டியைப் பூட்டிய டிவி ஸ்டாண்டுக்குள் வைக்காமல் காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து பார்ப்பது பாதுகாப்பானதா?

ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவது பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக, குடும்பத்தினரின் கருவிகளை மட்டும் சேர்ப்பது பாதுகாப்பு. ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிரும் இணைப்புகளிலும் இந்த வழி வேலை செய்யும்.

சர்வர் இருந்தால் பேக்கப் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சர்வர் என்பது பார்ப்பதற்கான வசதி, பாதுகாப்புக்கான ஏற்பாடு அல்ல. 2 டிஸ்க்கை ரெய்டு முறையில் சேர்த்தாலும், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

நிபுணர்கள் சொல்லும் 3-2-1 விதி எளிமையானது. 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பு, அதில் 1 வேறு இடத்தில். சர்வரில் ஒன்று, பீரோவில் தனி டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ திருப்பூர் மகன் வீட்டிலோ ஒன்று. ஸ்டுடியோக்காரர்களால் பழைய கோப்புகளை வருஷக்கணக்கில் வைத்திருக்க முடியாது. அந்த ஒரே டிஸ்க் போனால் பாட்டியின் அரை நிமிடமும் போய்விடும்.

சுருக்கமாக...

* நாலைந்து வீடியோ மட்டும்தான்: 1080பி பிரதி எடுங்கள், புது பிசி வேண்டாம்.
* நிறைய வீடியோ, 2, 3 பேர் பார்ப்பார்கள்: இன்டெல் என்100 மினி பிசி.
* பட்ஜெட் இடித்தால்: 7-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட செகண்ட் ஹேண்ட் இன்டெல் மினி பிசி.
* எதை வாங்கினாலும்: முதல் செலவு பேக்கப் டிஸ்க்குக்கு, மிச்சம் இருப்பதில் சர்வர்.