சென்னை – மும்பை கிரிக்கெட் போட்டி

சென்னை, மும்பை நகரங்களைச் சேர்ந்த அணிகளுக்கு இடையிலான போட்டி, இந்திய உள்நாட்டுக் கிரிக்கெட்டின் பழமையான போட்டிகளுள் ஒன்றாகும். இந்தியன் பிரீமியர் லீக் (ஐபிஎல்) மூலம் இது பரவலாக அறியப்பட்டாலும், இதன் தொடக்கம் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆண்டுகளில் உள்ளது.

ரஞ்சிக் கோப்பை

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்தது. மைசூரை மதராஸ் ஒரே நாளில் வென்றது. ஆனால் அந்தப் பருவத்தின் கோப்பை பம்பாய்க்குச் சென்றது. 1935-36 இறுதி ஆட்டத்தில் இரு அணிகளும் நேருக்கு நேர் மோதின, பம்பாயே வென்றது. மதராஸ் தன் முதல் கோப்பைக்கு 1954-55 வரை காத்திருந்தது. அப்போது இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி ஹோல்கர். 1967-68 இறுதி ஆட்டத்தில் மதராஸ் மீண்டும் பம்பாயிடம் தோற்றது.

1972-73 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில், சுழற்பந்துக்குச் சாதகமான ஆடுகளத்தில் நடந்தது. தமிழ்நாட்டு அணியில் வெங்கட்ராகவன், வி. வி. குமார் ஆகிய சிறந்த சுழற்பந்து வீச்சாளர்கள் இருந்தனர். பம்பாய் 151, 113 ஓட்டங்களே எடுத்தது. ஆயினும் அதே ஆடுகளம் பம்பாயின் பத்மாகர் சிவால்கருக்கும் கைகொடுத்தது. அவர் 16 ஓட்டங்களுக்கு 8, 18 ஓட்டங்களுக்கு 5 என மொத்தம் 13 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தமிழ்நாடு 80, 61 ஓட்டங்களில் சுருண்டது. மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. அது பம்பாயின் தொடர்ச்சியான 15வது கோப்பை. சிவால்கர் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடியதில்லை.

தமிழ்நாடு இரண்டாம் முறை கோப்பை வென்றது 1987-88இல், ரயில்வே அணிக்கு எதிராக. 2002-03, 2003-04 இறுதி ஆட்டங்களில் மீண்டும் மும்பையிடம் தோற்றது. மும்பை 2023-24இல் தன் 42வது கோப்பையை வென்றது.

ஐபிஎல்

2008இல் தொடங்கிய ஐபிஎல் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தது. 2025 பருவம் முடிய சென்னை சூப்பர் கிங்ஸ், மும்பை இந்தியன்ஸ் இரண்டும் தலா 5 கோப்பைகளை வென்றுள்ளன. இவை மோதிய நான்கு இறுதி ஆட்டங்களில் 2010இல் சென்னை 22 ஓட்டங்களில் வென்றது. 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் மும்பை வென்றது. 2019இல் ஐதராபாத்தில் கடைசிப் பந்தில் சென்னைக்கு 2 ஓட்டங்கள் தேவைப்பட்டன. மலிங்காவின் மெதுவான பந்தில் சர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ ஆனதால் மும்பை 1 ஓட்டத்தில் வென்றது.

மாறிய தன்மை

ரஞ்சி அணிகளில் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியின் சங்கங்களில் ஆடி வளர்ந்தவர்களே இடம்பெறுகின்றனர். ஐபிஎல் அணிகளில் ஏலமே வீரர்களைத் தீர்மானிக்கிறது. 2019இல் சென்னைக்காகக் கடைசிப் பந்தை எதிர்கொண்ட தாக்கூர் ரஞ்சியில் மும்பை வீரர். 2024 மார்ச்சில் நடந்த ரஞ்சி அரையிறுதியில் மும்பை 106 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியபோது அவர் 109 ஓட்டங்கள் குவித்தார். தமிழ்நாடு இன்னிங்ஸ் மற்றும் 70 ஓட்டங்களில் தோற்றது. அதே ஆண்டு ஐபிஎல்லில் அவர் மீண்டும் சென்னைக்காக ஆடினார். தமிழ்நாட்டுத் தலைவர் சாய் கிஷோர் ஆடியதோ குஜராத் அணிக்காக.

இதனால் ஐபிஎல்லில் கிடைத்த சமநிலை, தமிழ்நாட்டில் உருவான வீரர்கள் மும்பைக்கு ஈடாகிவிட்டதைக் காட்டும் அளவுகோல் ஆகாது. அதற்கான அளவுகோல் ரஞ்சிக் கோப்பையே. அதில் தமிழ்நாட்டின் மூன்றாவது வெற்றி 1988 முதல் எதிர்பார்க்கப்பட்டு வருகிறது.