கம்பியைச் சுழற்றினால் கோல் இல்லை

ஐடி அலுவலகங்களிலும் மால்களிலும் ஃபூஸ்பால் மேசையைப் பார்த்திருப்பீர்கள். முதல்முறை ஆடுகிறவர் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: பந்து கிட்டே வந்ததும் கைப்பிடியைப் பம்பரம் மாதிரி ஒரு சுழற்று. படார்னு கோல் விழும், சுத்தி நிக்கிறவங்க கத்துவாங்க. ஆனால் சர்வதேசப் போட்டி விதிப்படி அது கோலே இல்லை. பந்தை அடிப்பதற்கு முன்போ பின்போ கம்பி 360 டிகிரிக்கு மேல் சுற்றினால் தப்பாட்டம்.

மற்ற விதிகளும் எளிமைதான். மொத்தம் 8 கம்பிகள், ஆளுக்கு 4. கோல்கீப்பர் கம்பியில் ஒருவர் (சில மேசைகளில் மூவர்), அடுத்து தடுப்பாளர் 2, நடுவில் 5, முன்கள வீரர் 3. இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் பின்னால் உள்ள இரண்டு கம்பிகளையும், இன்னொருவர் முன்னால் உள்ள இரண்டையும் பிடிப்பார்கள். நடுக்கம்பியில் பந்தை 10 விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மற்ற இடங்களில் 15. கோலுக்குள் போய்த் துள்ளி வெளியே வந்த பந்தும் கோல்தான். மேசையை இடித்து உலுக்குவதும் குற்றம்.

சரி, சுழற்றினால் என்ன கெட்டுவிடப் போகிறது? சுழற்றினால் வேகம் வரும், ஆனால் பந்து எங்கே போகும் என்பது ஆடுபவர் கையில் இருக்காது. சுழற்றலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மணிக்கட்டும் கண்ணும் பொறுமையும்தான். இது கையால் ஆடும் கால்பந்து. இதன் வரலாறும் அதைத்தான் சொல்கிறது.

காப்புரிமைப் பதிவுகளைப் பார்த்தால், 1921-ல் இங்கிலாந்தின் ஹெரால்ட் சியர்ல்ஸ் தார்ன்டன் இப்படியொரு மேசைக்கு விண்ணப்பித்தார். 1923-ல் கிடைத்தது. தீப்பெட்டியின் மேல் குச்சிகளைக் குறுக்கே வைத்துப் பார்த்தபோது யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு.

ஸ்பெயின்காரர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள்: அலெஹான்ட்ரோ ஃபினிஸ்தெர்ரே. கலீசியக் கவிஞர். பிறந்த ஊரின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டவர். உள்நாட்டுப் போரில், 1936 நவம்பரில் மாட்ரிட் மீது குண்டு விழுந்தபோது இடிபாடுகளில் சிக்கினார். அப்போது வயது 17. அவர் பின்னாளில் சொன்னபடி, மருத்துவமனையில் கால் இழந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். இனி இவர்கள் எப்படிக் கால்பந்து ஆடுவார்கள்? டேபிள் டென்னிஸ் இருக்கிறதே, டேபிள் கால்பந்து ஏன் கூடாது? அல்துனா என்ற பாஸ்க் தச்சர் செய்து கொடுத்தார். 1937 ஜனவரியில் பார்சிலோனாவில் பதிவும் ஆயிற்று. போரில் தோற்று, மலை தாண்டி பிரான்ஸுக்குத் தப்பிய வழியில் அந்தக் காகிதங்கள் மழையில் கரைந்துபோயின என்பார். 2007-ல் இறந்தார்.

முதலில் யார் என்றால், தேதிப்படி தார்ன்டன்தான். அதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் இந்த விளையாட்டு எதற்கு என்ற கேள்விக்கு நல்ல பதில் அந்த ஆஸ்பத்திரி வார்டில்தான் இருக்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பு 2002-ல்தான் உருவானது. சுழற்றல் தடை ஃபினிஸ்தெர்ரே போட்ட விதி அல்ல, போட்டிக்காரர்கள் போட்டது. இருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைத்திருக்காது. உடல் பலமும் குருட்டு அதிர்ஷ்டமும் பெரிதாக உதவாத மேசையில், கால் இல்லாத பையனும் கால் உள்ளவனும் சமம்.

அடுத்த முறை கைப்பிடியைப் பிடிக்கும்போது சுழற்றாமல் ஆடிப் பாருங்க. முதல் நாள் தோற்பீர்கள். பரவாயில்லை, ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.