சுவரற்ற அலுவலகம்: பார்வை, ஓசை, அதிகாரம்

சுவரில்லாத அலுவலகத்தின் கதை பொதுவாகக் கட்டடங்களின் கதையாக, அதாவது கண்ணின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் காது என்ன பாடுபட்டது என்று கேட்டால் இதே வரலாறு வேறுமாதிரி விரியும் என்று நினைக்கிறேன்.

பெந்தாம் திட்டமிட்ட கண்காணிப்புச் சிறையை ஃபூக்கோ 1975இல் எடுத்துப் பேசியது தெரிந்ததுதான். கோபுரத்துக் காவலன் எல்லோரையும் பார்க்கலாம். அவனை யாரும் பார்க்க முடியாது. அறைகளிலிருந்து குழாய் போட்டு ஒட்டுக்கேட்கவும் பெந்தாம் முதலில் யோசித்து, பிறகு கைவிட்டார் என்று அதே நூலின் அடிக்குறிப்பொன்று சொல்கிறது. கைதியின் குரல் மேலே போனால் காவலனின் குரலும் கீழே வந்துவிடுமே! பார்வையை ஒருவழிப் பாதையாக்கலாம். ஓசை அதற்குக் கட்டுப்படாது.

இந்தச் சிக்கலை அலுவலகமும் சுமந்தது. 1906இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய லார்கின் கட்டடத்தில், நடுமுற்றத்தைச் சுற்றி அடுக்கடுக்காக எழுத்தர்கள் உட்கார்ந்தார்கள். எல்லோரும் எல்லோர் கண்ணிலும் பட்டார்கள். 1950களின் இறுதியில் ஜெர்மனியின் ஷ்னெல் சகோதரர்கள் மேசை வரிசைகளையும் கலைத்து, செடித்தொட்டி, தட்டி, தரைவிரிப்பு என்று 'அலுவலக நிலக்காட்சி' ஒன்றை அமைத்தார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் பேச்செல்லாம் கலந்து வெறும் முணுமுணுப்பாகிவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு தப்பிப்போச்சு. தட்டச்சுப் பொறியின் சடசடப்பு பழகிவிடும். பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியில் பேசுவது பழகுமா? புரிகிற பேச்சை மனம் கேட்டே தீரும். ஆக, இங்கே இரைச்சல் என்பது அர்த்தமுள்ள பேச்சுதான். அமெரிக்க நிர்வாகங்கள் கூரைக்கு மேலே ஒலிபெருக்கி வைத்து 'உஸ்' என்ற சீரான ஓசையைப் பரப்பி அந்த அர்த்தத்தைக் கரைக்கப் பார்த்தன. 1968இல் ராபர்ட் ப்ராப்ஸ்ட் வடிவமைத்த தட்டிகளிலிருந்து பிறந்த 'க்யூபிக்கிள்' ஆளை மறைத்தது, குரலை மறைக்கவில்லை.

உழைப்பவர்கள் இதை எதிர்கொண்ட விதம் இரண்டு. ஒன்று, கூடி எதிர்த்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஜெர்மனியின் ஊழியர் மன்றங்களுக்குக் கூடுதல் அதிகாரம் தந்தது; 1970களில் பெருங்கூடங்கள் அங்கே செல்வாக்கிழந்து தனியறைகள் திரும்பின. ஸ்வீடனில் 1980களின் இறுதியில் எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனம் கட்டிய தலைமையகத்தில் ஊழியர்களுக்குத் தனித்தனி அறை கிடைத்தது. மற்றது, தனியாக ஒதுங்கியது. 1979இல் வாக்மன் வந்தது. 2000இல் வெளியிரைச்சலைத் தணிக்கும் ஹெட்ஃபோனை போஸ் நிறுவனம் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிர்வாகம் இடித்த சுவரை ஊழியர் சொந்தக் காசில் வாங்கிக் காதில் மாட்டிக்கொள்கிற காலம் தொடங்கியது.

சுவர் போனால் மனிதர்கள் கலந்து பேசுவார்கள் என்பதுதான் ஆதியிலிருந்து சொல்லப்பட்ட நியாயம். ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. திறந்த கூடத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களில் நேருக்குநேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது, மின்னஞ்சல் கூடியிருந்தது. பார்க்கப்படுகிறவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அமைதி ஒரு இடத்தில் கேட்டு வாங்கிய உரிமை. இன்னொரு இடத்தில் கடையில் வாங்கிய சரக்கு. ஹெட்ஃபோன் மாட்டியவருக்கு அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் இதே தொல்லைதான் என்பது அவர் காதில் விழாது. சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை அங்கேயே அமுங்கிப்போகிறது.