மரப்பட்டையில் ஒரு பட்டா

1963-இல் ஆஸ்திரேலியப் பார்லிமெண்டுக்கு ஒரு வினோதமான மனு வந்தது. நாட்டின் வட கோடியில் யிர்கலா என்ற இடத்தில் வாழும் யோல்ங்கு பழங்குடிகள் அனுப்பியது. அவர்கள் நிலத்தில் பாக்சைட் இருந்தது. அவர்களைக் கேட்காமலேயே 300 சதுர கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கத்துக்கென்று அரசு பிரித்து எடுத்துவிட்டது.

மனுவைத் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்து, மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குல ஓவியங்களை வரைந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது அழகான பார்டர். ஆனால் யோல்ங்கு வழக்கப்படி ஓர் இடத்துக்கு உரிய குலம்தான் அந்த இடத்தின் வடிவங்களை வரையலாம். அதாவது மனுவோடு பட்டாவையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள்! டெல்லியோ கான்பெராவோ, எந்த ஆபீசிலும் அந்தப் பட்டாவைப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை.

பார்லிமெண்ட் ஒரு குழு போட்டது. குழு நஷ்டஈடு தரச் சொன்னது. சுரங்கமும் வந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள். 1971 தீர்ப்பில் நீதிபதி, இவர்களுக்குத் தெளிவான சட்டமுறை உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சொத்துரிமையாக ஏற்க முடியாது என்றுவிட்டார். தோல்விதான். ஆனாலும் அந்தத் தோல்வி கிளப்பிய விவாதம் 1976-இல் வடக்குப் பிரதேச நில உரிமைச் சட்டத்தில் போய் முடிந்தது.

(இடையில் ஒரு கூத்து. 1966-இல் வந்த ஒரு டாலர் நோட்டில் டேவிட் மலாங்கி என்ற பழங்குடி ஓவியரின் படத்தை, அவரைக் கேட்காமலேயே அச்சடித்தார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு 1000 டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடிக்கும் சாமான்களும் கொடுத்தார்கள். காப்பிரைட் பற்றி அந்த நாடு பேசத் தொடங்கியதில் இதற்கும் பங்குண்டு.)

நிலம் சரி, கடல்? 1996-இல் புளூ மட் விரிகுடாவில், முதலையைத் தெய்வமாகக் கருதும் ஒரு புனித இடத்தில், வெட்டிய முதலைத் தலை கிடந்தது. அனுமதியில்லாமல் முகாம் போட்டுக் கொடுவா மீன் பிடித்தவர்களின் வேலை. யோல்ங்கு மக்கள் கல்லெடுக்கவில்லை. மறுபடியும் மரப்பட்டையை எடுத்தார்கள். 47 ஓவியர்கள், 80 ஓவியங்கள். இந்தக் கடல் யாருடையது, எந்த நீர் எந்தக் குலத்துடையது என்று கோடு கோடாக வரைந்து ஊர் ஊராகக் காட்டினார்கள்.

வழக்கும் நடந்தது. 2008 ஜூலை 30 அன்று உயர் நீதிமன்றம், பழங்குடி நிலத்தை ஒட்டி அலை ஏறி இறங்கும் பகுதியின் நீரும் அவர்களுக்கே என்றது. அது வடக்குப் பிரதேசக் கடற்கரையில் ஏறக்குறைய 80 சதவீதம்.