ஒரு பெயருக்கு இருவர்

ஔவையார் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு காலத்துப் புலவர் பலர் பாடினர் என்று நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர். பெயர் ஒன்றாயிருந்ததால் பாடல்கள் ஒன்றையொன்று அழித்துவிடவில்லை. கணினிக்குள் அவ்வாறு இயலாது. ஓர் அடைவில் ஒரு பெயருக்கு ஒரு கோப்புதான். பின்னர் வருவது முன்னதை அழித்துவிட்டு அமரும். 'லிப்ஜிஎல்.எஸ்ஓ.1' என்னும் கோப்புப் பெயருக்காக லினக்ஸ் உலகில் பல்லாண்டுகள் நீடித்த இழுபறியே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் முப்பரிமாண வரைகலைக்கான ஓப்பன்ஜிஎல் வரையறையை 1992-இல் வெளியிட்டது. அதற்கு இணங்க, எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய நிரலகம் ஒன்றை பிரையன் பால் 1993-இல் தம் ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கினார். அந்நிறுவனத்திடம் இசைவு பெற்று 1995-இல் வெளியிட்டார். அதுவே மெசா. தொடக்கத்தில் அதன் கோப்பு 'லிப்மெசாஜிஎல்' என்ற தன் சொந்தப் பெயரையே தாங்கியிருந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பொதுப்பெயர் பின்னாளில் வந்து சேர்ந்தது.

அதற்குக் காரணம் நல்லெண்ணமே. லினக்ஸில் ஓப்பன்ஜிஎல் நிரலகம் எந்தப் பெயரில், எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று 2000-இல் ஓர் உடன்பாட்டு ஆவணம் வகுத்தது. ஒரு விளையாட்டையோ வரைபட மென்பொருளையோ எழுதுபவர், பயனரின் கணினியில் எந்த நிறுவனத்து வரைகலை அட்டை இருக்கிறதென்று அறியத் தேவையில்லை. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் போதும். ஆனால் கூப்பிடும் பெயர் ஒன்று, வந்து நிற்பவரோ இருவர் என்றால் என்ன செய்வது என்பதற்கு அந்த ஆவணத்தில் விடையில்லை.

அந்த இரண்டாமவர் என்விடியா. அந்நிறுவனம் லினக்ஸுக்கென வெளியிட்ட மூடிய இயக்கியுடன் அதன் சொந்த 'லிப்ஜிஎல்' கோப்பும் வந்தது. அதன் நிறுவி மெசாவின் கோப்பு இருந்த இடத்தில் தன் கோப்பை வைத்துவிடும். டெபியன் போன்ற வழங்கல்களில் ஒவ்வொரு கோப்பும் எந்தப் பொதிக்கு உரியது என்ற கணக்கு உண்டு. ஒரு பொதியின் கோப்பை மற்றொரு பொதி மேலெழுத முயன்றால் பொதி மேலாண்மைக் கருவி மறுத்துவிடும். புறத்திலிருந்து வந்த நிறுவியோ அந்தக் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை மெசா புதுப்பிக்கப்பெறும்போது, கணக்கின்படி தனக்குரிய இடத்தில் அது மீண்டும் அமர்ந்துகொள்ளும். முந்தின நாள் வரை ஓடிய முப்பரிமாணக் காட்சி மறுநாள் ஆமை வேகத்தில் ஊரும், அல்லது அறவே வராது. பயனர் செய்த பிழையென்று அதில் ஒன்றுமில்லை. புதுப்பிக்கச் சொன்னார்கள், புதுப்பித்தார்.

இவ்விடத்தில்தான் பொதியாளரின் பணி தொடங்குகிறது. மென்பொருளை எழுதியவரை உலகம் அறியும். அதைப் பொதியாகக் கட்டித் தருபவரை எவரும் அறியார். டெபியனின் பொதியாளர்கள் முதலில் 'திசைதிருப்பல்' என்னும் உத்தியைக் கையாண்டனர். மெசாவின் கோப்பு எப்போது வந்தாலும் வேறொரு பெயரில் ஒதுங்கி நிற்கும். பின்னர் 'மாற்றுகள்' முறை வந்தது. பொதுப்பெயர் வெறும் சுட்டியாகி, பயனரின் தெரிவுக்கேற்ப இருவரில் ஒருவரைக் காட்டியது. தம்மால் படிக்கவோ திருத்தவோ இயலாத நிரலுக்காக, கட்டற்ற மென்பொருளில் பற்றுக்கொண்ட தன்னார்வலர்கள் இத்தனை பாடுபட்டனர். 1997-இல் ஏற்கப்பெற்ற டெபியனின் சமூக ஒப்பந்தம் அத்தகைய மென்பொருளை வழங்கலின் பகுதியாக ஏற்கவில்லை. எனினும் அதைப் பயன்படுத்துவோரைக் கைவிடவும் இல்லை. கொள்கையில் தளராமலும் பயனரை வீதியில் விடாமலும் இருந்த அந்த நிலைப்பாடு நம் மதிப்புக்குரியது.

ஆனால் சுட்டி ஒரு நேரத்தில் ஒருவரையே காட்டும். 2010-க்குப் பின் இன்டெல், என்விடியா ஆகிய இருவரின் வரைகலையும் ஒரே மடிக்கணினியில் இடம்பெறலாயின. இருவரும் ஒருசேர வேண்டும் என்றபோது அந்த உத்தி தோற்றது.

தீர்வை முன்மொழிந்தவர் என்விடியாவைச் சேர்ந்த ஆண்டி ரிட்கர் என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம். 'லிப்ஜிஎல்விஎன்டி' என்னும் அந்த நிரலகம் தானாக ஒரு கோடுகூட வரையாது. பொதுப்பெயரை அது எடுத்துக்கொள்ளும். வரும் அழைப்பு யாருக்குரியது என்று பார்த்து அனுப்பிவைக்கும். வாயிற்காப்போன் வேலை. மெசாவும் என்விடியாவும் தத்தம் பெயர் ஒட்டிய தனிக்கோப்புகளுக்குத் திரும்பின. 2018-இன் உபுண்டு 18.04, 2019-இன் டெபியன் 10 ஆகியன இவ்வமைப்புடன் வெளிவந்தன.

பெயர்ச் சண்டை ஓய்ந்தது, பொதியாளருக்கு ஓய்வில்லை. மெசாவின் இயக்கிகள் பல தமக்குள் பொதுவான நிரலைப் பகிர்வதால் 2013 முதல் அவற்றை ஒரே பெருங்கோப்பாகக் கட்டி, பல பெயர்களால் அழைக்கும் வழக்கம் இருந்தது. கவனமின்றிப் படியெடுத்தால் அந்தப் பெருங்கோப்பு பெயருக்கொன்றாகப் பெருகிவிடும். இப்போது அப்பொது நிரல் 'லிப்கேலியம்' என்னும் பகிர்வு நிரலகமாகப் பிரிந்துவிட்டது. 2025-இல் வெளிவந்த டெபியன் 13-இல் அது தனிப் பொதி. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் பொறிக்கப்பெற்றிருப்பதால் அதைச் சார்ந்த மெசா பொதிகள் யாவும் அதே பதிப்பாக இருத்தல் வேண்டும். பழைய விளையாட்டுகளுக்காக 32 பிட் வடிவத்தையும் வைத்திருப்போர்க்கு இரு வடிவங்களும் ஒரே பதிப்பில் அமைய வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றதன் புதுப்பிப்பும் அதுவரை நின்று காத்திருக்கும்.